ஒரு தடமும் பல கருவிகளும்

நுழையும்முன்

கூடத்தில் ஒரு தொலைபேசி, மாடியறையில் மற்றொன்று, அலுவல் மேசையில் ஒரு தொலைநகலி. இவை மூன்றுக்கும் வெளியுலகோடு தொடர்பு தருவது ஓர் இணைக் கம்பிதான். ஒரே தடத்தைப் பேச்சும் எழுத்தும் பகிர்ந்துகொள்ளும்போது எது முந்துவது, எது விலகி நிற்பது என்னும் கேள்வி எழுகிறது. அக்கேள்விக்குத் தொழில்நுட்பம் கண்ட விடைகளை இப்பாடம் விளக்குகிறது.

தொலைநகல் என்னும் சொல்

எழுத்தையோ படத்தையோ ஓரிடத்திலிருந்து படியெடுத்து, மின்குறிகளாக மாற்றித் தொலைவிலுள்ள மற்றோர் இடத்தில் மீண்டும் தாளில் பதிப்பது தொலைநகல். இதனைச் செய்யும் இயந்திரம் தொலைநகலி. ‘தொலை’ தமிழ்ச்சொல், ‘நகல்’ அரபு மொழியிலிருந்து வந்து நம் வழக்கில் நிலைத்த சொல். ‘ஃபேக்ஸ்’ என்று நாம் சுருக்கமாக வழங்குவதன் மூலம் இலத்தீன் மொழியில் உள்ளது. ‘ஒத்தது போலச் செய்’ என்பது அதன் பொருள். இரு மொழிகளிலும் பெயர் ஒரே செயலையே சுட்டுகிறது.

தொலைநகல், தொலைபேசிக்குப் பின் தோன்றியது என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெயின் 1843ஆம் ஆண்டிலேயே மின்கம்பிவழி உருவை அனுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இத்தாலியரான ஜியோவான்னி காசெல்லி உருவாக்கிய ‘பான்டெலிகிராப்’ என்னும் கருவி, 1865இல் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே பொதுமக்களுக்கான சேவையாக இயங்கியது. கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876ஆம் ஆண்டில்தான். பெயினின் காப்புரிமைக்கும் அதற்கும் 33 ஆண்டு இடைவெளி உண்டு. எனினும் தொலைபேசிக் கம்பிகள் ஊர்தோறும் வீடுதோறும் பரவியபின், மூத்ததாகிய தொலைநகல் இளையதாகிய தொலைபேசியின் தடத்தில் இடம்பெற வேண்டியதாயிற்று. நாம் ஆராயப்போகும் சிக்கல்கள் யாவும் இந்த இடப்பகிர்விலிருந்து பிறந்தவையே.

கம்பியில் நிகழ்வது

தொலைபேசி நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருபவை இரண்டு செப்புக் கம்பிகள். ரிசீவர் தாங்கியில் அமர்ந்திருக்கும்போது அவற்றுக்கிடையே ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிலவுகிறது; மின்னோட்டம் இல்லை. ரிசீவரை எடுத்ததும் சுற்று முழுமை பெற்று, பொதுவாக 20 முதல் 40 மில்லியாம்பியர் வரை மின்னோட்டம் பாய்கிறது. அம்மின்னோட்டத்தைக் கொண்டே ‘இவ்வீட்டில் தொலைபேசி எடுக்கப்பட்டது’ என்பதை நிலையம் அறிகிறது. மணியடிக்க வேண்டுமாயின், நிலையம் ஏறத்தாழ 75 முதல் 90 வோல்ட் வரையிலான மாறுதிசை மின்னழுத்தத்தைக் கம்பியில் செலுத்துகிறது. கம்பியைத் தொட்டுப் பணி செய்பவருக்கு மணியழுத்தம் அதிர்ச்சி தரக்கூடியது. எனவே, இணைப்பு வேலை செய்யும்போது தடத்தைச் சுவர்ச் செருகுவாயிலிருந்து பிரித்துவிடுதல் வேண்டும். இடிமின்னல் வேளையில் இவ்வேலையில் ஈடுபடுதலே கூடாது.

கூடத்துத் தொலைபேசியோடு மாடியறைக்கும் ஒரு தொலைபேசி வேண்டுமெனில், அதே இரு கம்பிகளிலிருந்து கிளை பிரித்து இணைக்கிறோம். பேச்சுவழக்கில் ‘எக்ஸ்டென்ஷன்’ எனப்படும் இதனை இப்பாடத்தில் கிளைத் தொலைபேசி என வழங்குவோம். இயற்பியல் பாடத்தில் பயின்ற பக்க இணைப்பே இது. அழைப்பு வரும்போது எல்லாக் கருவிகளும் ஒருங்கே ஒலிக்கும். எதை எடுத்தாலும் பேசலாம். இரண்டை எடுத்தால் மூவர் உரையாடலாம். பேச்சுக்கு இது பெரும் வசதி. தொலைநகலுக்கோ இவ்வசதியே இடையூறாகிறது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவில் நெடுங்காலம் தொலைபேசி நிறுவனம் வழங்கிய கருவியைத் தவிர வேறெதையும் வாடிக்கையாளர் தம் தடத்தில் இணைக்க இசைவு இல்லை. டெக்சாசைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர், வானொலிக் கருவியையும் தொலைபேசியையும் தொடர்புபடுத்தும் ‘கார்ட்டர்போன்’ என்னும் கருவியை விற்றுவந்தார். அது தொடர்பான வழக்கில் 1968இல் அந்நாட்டுக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத கருவியை இணைக்கும் உரிமை பயனாளருக்கு உண்டு என முடிவு செய்தது. பிறர் உருவாக்கிய மோடம், தொலைநகலி, பதில்பதிவுக் கருவி ஆகியன வீடுகளை எளிதாக அடைய இம்முடிவு வழி திறந்தது. இன்று நாம் பயன்படுத்தும் சிறு செருகிக்கு வழங்கும் ‘ஆர்.ஜே.–11’ என்னும் பெயரின் முதலிரு எழுத்துகளும் ‘பதிவுபெற்ற செருகுவாய்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமேயாகும்.

தொலைநகலிகள் பேசும் மொழி

இரு தொலைநகலிகள் தொடர்புகொள்வது ஒழுங்குமிக்க உரையாடலாகும். அழைக்கும் இயந்திரம் 1100 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியை அரை நொடி எழுப்பி, மூன்று நொடி அமைதி காத்து, மீண்டும் எழுப்பும். ‘நான் தொலைநகலி, மறுமுனையில் இருப்பது யார்?’ என்பது அவ்வொலியின் பொருள். அழைப்பை ஏற்கும் இயந்திரம் 2100 ஹெர்ட்ஸ் ஒலியைச் சில நொடிகள் எழுப்பி, ‘நானும் தொலைநகலியே’ எனத் தெரிவிக்கும். பின்னர், தான் எந்த விரைவில், எவ்வளவு நுணுக்கமாகப் பெற முடியும் என்பதை நொடிக்கு 300 பிட் என்னும் மெதுவான விரைவில் சொல்லும். அனுப்பும் இயந்திரம் ஒரு விரைவைத் தேர்ந்து, தடம் அதனைத் தாங்குமா எனச் சிறிய சோதனைத் தொடர் ஒன்றை அனுப்பிப் பார்க்கும். சோதனை வெற்றி பெற்றால்தான் பக்கம் புறப்படும். பக்கம் முடிந்ததும் ஏற்பு அறிவிப்பு வரும்; அதன்பின் இரண்டும் தடத்தை விட்டு விலகும்.

இவ்வுரையாடலின் இலக்கணத்தை வகுத்தது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஆலோசனைக் குழு. 1980இல் ஏற்கப்பட்ட ‘மூன்றாம் தொகுதி’ என்னும் தரம், ஒரு பக்கத்தை ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் அனுப்ப வழிவகுத்தது. முந்தைய முதல் தொகுதிக் கருவிகள் அதற்கு ஆறு நிமிடமும், இரண்டாம் தொகுதிக் கருவிகள் மூன்று நிமிடமும் எடுத்துக்கொண்டன.

மூன்றாம் தொகுதித் தொலைநகலி ஒரு தாளின் அகலத்தை 1728 புள்ளிகளாகப் பகுக்கிறது. வழக்கமான நுணுக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு 3.85 கோடுகள் வீதம் படிக்கிறது. 297 மில்லிமீட்டர் உயரமுள்ள ஏ4 தாளில் ஏறத்தாழ 1143 கோடுகள் அமையும். இவ்விரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். நொடிக்கு 9600 பிட் விரைவில் அவற்றை அப்படியே அனுப்பினால் மூன்று நிமிடத்துக்கு மேலாகும். ஆனால், எழுத்துள்ள தாளில் பெரும்பகுதி வெண்மையே. ‘ஐந்நூறு வெண்புள்ளிகள், பின் நான்கு கரும்புள்ளிகள்’ என்பதுபோலத் தொகுத்துச் சொல்லும் சுருக்கக் குறியீட்டால் நேரம் குறைகிறது.

ரிசீவரை எடுத்தால் என்ன நேரும்?

மருத்துவமனை ஒன்றிலிருந்து மருந்துச் சீட்டு ஒன்று சிற்றூர் மருந்தகத்தின் தொலைநகலிக்கு வந்துகொண்டிருப்பதாகக் கொள்வோம். மாடியில் இருப்பவர் யாருக்கோ பேச எண்ணிக் கிளைத் தொலைபேசியை எடுக்கிறார். கரகரவென்னும் ஒலி கேட்டு, ஒரு நொடியில் வைத்துவிடுகிறார். இச்சிறு நிகழ்வால் மூன்று விளைவுகள் ஏற்படுகின்றன.

முதலாவது, குறியின் வலிமை குறைகிறது. தொலைநகலியும் தொலைபேசியும் தனித்தனியே ஏறத்தாழ 600 ஓம் எதிர்ப்புடையவை எனவும், தடத்தின் எதிர்ப்பும் அவ்வளவே எனவும் கொள்வோம். தொலைநகலி மட்டும் இணைந்திருக்கும்போது, வரும் குறியின் மின்னழுத்தத்தில் பாதி அதற்குக் கிடைக்கும். தொலைபேசியும் பக்க இணைப்பில் சேர்ந்தால் மொத்த எதிர்ப்பு 300 ஓம் ஆகிறது. கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. பாதியாக இருந்தது மூன்றில் ஒன்றாகும்போது, முன்பு பெற்றதில் மூன்றில் இரண்டு பங்கையே தொலைநகலி பெறுகிறது.

இரண்டாவது, ரிசீவரிலுள்ள ஒலிவாங்கி வழியாக அறையின் ஓசையெல்லாம் தடத்தில் கலக்கிறது. ‘அலோ’ என்னும் ஒரு சொல்லும் தொலைநகலிக்கு இரைச்சலே.

மூன்றாவது, எடுக்கும்போதும் வைக்கும்போதும் மின்னோட்டத்தில் திடீர் மாற்றம் நிகழ்கிறது. அம்மாற்றம் தடத்தில் ஒரு சொடுக்காகப் பாய்ந்து, அந்நேரத்துப் பிட்டுகளைச் சிதைக்கிறது.

ஒரு நொடிதானே என எண்ணலாம். 1143 கோடுகள் ஒரு நிமிடத்தில் செல்வதாகக் கணக்கிட்டால், ஒரு நொடிக்கு 19 கோடுகள் ஆகின்றன. தாளில் அவற்றின் உயரம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். தட்டச்சு செய்த ஒரு வரியின் இடம் அது. சிதைந்த அவ்வரி வாழ்த்துரையாக இருந்தால் இழப்பில்லை. மருந்தின் அளவைக் கூறும் வரியாக இருந்தால் என் செய்வது? பிழைதிருத்தும் வசதியுள்ள இரு கருவிகள் தொடர்புகொண்டால், சிதைந்த பகுதியை மீண்டும் கேட்டுப் பெறும். அவ்வசதி இல்லாதபோது, சில கோடுகள் குறைந்த பக்கத்தையும் ‘பெறப்பட்டது’ என இயந்திரம் ஏற்றுக்கொள்ளக்கூடும். அனுப்பியவர் கையிலுள்ள வெற்றி அறிக்கை, பெற்றவர் கையிலுள்ள பக்கம் முழுமையானது என்பதற்குச் சான்றாகாது. அதனால்தான் முதன்மையான ஆவணங்களை அனுப்பியபின் எண்களையும் அளவுகளையும் வாய்மொழியாகச் சரிபார்த்தல் நல்ல வழக்கமாகக் கொள்ளப்படுகிறது. இடையூறு நீண்டால் தொடர்பே அறுந்துபோகும்.

இருவகை இணைப்பு

தொலைநகலியின் பின்புறத்தில் பெரும்பாலும் இரு செருகுவாய்கள் இருக்கும். ‘லைன்’ எனக் குறிக்கப்பட்டது சுவரிலிருந்து வரும் தடத்துக்குரியது. ‘எக்ஸ்ட்’ அல்லது ‘டெல்’ எனக் குறிக்கப்பட்டது தொலைபேசிக்குரியது. இரண்டும் தோற்றத்தில் ஒன்றே, செயலில் வேறு. இடம் மாற்றிச் செருகுவது பலருக்கு நேரும் முதற்பிழை.

தொலைபேசியை இரு வகையில் இணைக்கலாம். சுவரில் இரட்டைச் செருகுவாய் அமைத்து, ஒன்றில் தொலைநகலியையும் மற்றொன்றில் தொலைபேசியையும் இணைப்பது முதல் வகை. இது முன்னர்க் கூறிய பக்க இணைப்பு. இதில் தொலைபேசியின்மீது தொலைநகலிக்கு எவ்விதக் கட்டுப்பாடும் இல்லை.

சுவரிலிருந்து தடத்தைத் தொலைநகலியின் ‘லைன்’ வாயில் செருகி, தொலைபேசியை ‘எக்ஸ்ட்’ வாயில் செருகுவது இரண்டாம் வகை. இதில் தடம் தொலைநகலிக்குள் நுழைந்து, அதிலுள்ள ரிலே என்னும் மின்காந்தச் சாவி வழியாகவே தொலைபேசியை அடைகிறது. தொலைநகலி பணியில் இல்லாதபோது சாவி மூடியிருக்கும். தொலைபேசி வழக்கம்போல் இயங்கும். தொலைநகலி பணியைத் தொடங்கியதும் சாவி திறந்து தொலைபேசியைத் தடத்திலிருந்து விலக்கிவைக்கும். அப்போது ரிசீவரை எடுத்தாலும் அமைதியே கேட்கும். வந்துகொண்டிருக்கும் பக்கத்துக்குத் தீங்கில்லை.

வீட்டிலுள்ள எல்லாக் கிளைத் தொலைபேசிகளுக்கும் இக்காப்பு வேண்டுமெனில், வெளித்தடம் வீட்டினுள் நுழையும் இடத்திலேயே தொலைநகலியை முதலில் வைத்து, அதன் ‘எக்ஸ்ட்’ வாயிலிருந்து மற்ற அறைகளுக்கான கம்பிகளைக் கொண்டுசெல்லலாம். இதற்கும் ஒரு விலை உண்டு. தொலைநகலி பழுதடைந்தாலோ, அதனைக் கழற்றி எடுத்துச் சென்றாலோ எல்லாத் தொலைபேசிகளும் ஊமையாகிவிடும். ஆகவே, ஒரு தொலைபேசியையேனும் சுவர்த்தடத்தில் நேரடியாக இணைத்துவைத்து, அதனருகில் ‘தொலைநகல் வரும்போது எடுக்க வேண்டா’ என எழுதிவைப்பது அறிவுடைமை. மின்வெட்டு நேரத்தில் தொலைநகலி இயங்காது; வீட்டு மின்சாரத்தை நம்பியுள்ள கம்பியில்லாத் தொலைபேசியும் இயங்காது. நிலையத்திலிருந்து கம்பிவழி வரும் மின்சாரத்தில் இயங்கும் எளிய தொலைபேசியே அப்போது துணைநிற்கும். அவசரக் காலத்தில் மருத்துவரையோ தீயணைப்பு நிலையத்தையோ அழைக்க அது ஒன்றே போதும்.

அழைப்பை ஏற்பது யார்?

மணி ஒலிக்கிறது. அழைப்பவர் மனிதரா, இயந்திரமா என்பது எடுக்கும்வரை தெரியாது. எனவே, தொலைநகலியில் பல்வேறு ஏற்புமுறைகள் அமைக்கப்பட்டுள்ளன.

தொலைநகல் மட்டும்: எல்லா அழைப்பையும் தொலைநகலியே ஏற்கும். தனித்தடம் உள்ள அலுவலகத்துக்கு ஏற்றது. பொதுத்தடத்தில் இம்முறையை வைத்தால், பேச விழைந்து அழைப்பவர் செவியில் கீச்சொலியே விழும்.

கைமுறை: தொலைநகலி தானாக ஏற்பதில்லை. ஒருவர் எடுத்து, கீச்சொலி கேட்டால் தொடக்கப் பொத்தானை அழுத்த வேண்டும். பேச்சு மிகுந்தும் தொலைநகல் குறைந்தும் உள்ள வீட்டுக்கு ஏற்றது.

தொலைநகல்–தொலைபேசி: குறிப்பிட்ட எண்ணிக்கையில் மணி ஒலித்தபின் தொலைநகலி அழைப்பை ஏற்று, 1100 ஹெர்ட்ஸ் ஒலி வருகிறதா என உற்றுக் கேட்கும். வந்தால் பக்கத்தைப் பெறும். வராவிடில் அழைத்தவர் மனிதர் எனக் கொண்டு, தன்னிடமுள்ள வேறொரு மணியை ஒலித்து வீட்டாரை அழைக்கும். இங்கு ஒன்றைக் கருத வேண்டும். தொலைநகலி ஏற்றதுமே நிலையத்தைப் பொறுத்தவரை அழைப்பு ஏற்கப்பட்டுவிட்டது. அதனால் நிலையம் அனுப்பும் மணி நின்றுவிடும். சுவர்த்தடத்திலுள்ள கிளைத் தொலைபேசிகள் ஒலிக்கா. அழைத்தவருக்குக் கட்டணமும் அந்நொடியிலிருந்தே தொடங்கும். தொலைநகலியின் மணி கேட்காத அறையில் இருப்பவர் அழைப்பைத் தவறவிட நேரும். ஆதலால், தொலைநகலி ஏற்பதற்கு முன் ஒலிக்க வேண்டிய மணிகளின் எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டிவைத்தால், மாடியில் இருப்பவருக்குத் தொலைபேசியை எடுக்கப் போதிய நேரம் கிடைக்கும்.

பதில்பதிவுக் கருவியுடன்: ஆளில்லாத வேளையில் செய்தியைப் பதிவுசெய்யும் கருவியை ‘எக்ஸ்ட்’ வாயில் இணைக்க வேண்டும். அக்கருவி முதலில் அழைப்பை ஏற்கும். தொலைநகலி ஒற்றுக் கேட்டுக்கொண்டேயிருந்து, 1100 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டதும் தடத்தைத் தன்வசமாக்கும். அவ்வொலி மூன்றரை நொடிக்கு ஒருமுறையே வருவதால், பதிவுசெய்த வரவேற்புரையின் தொடக்கத்தில் சில நொடிகள் அமைதி இருத்தல் வேண்டும். உரையும் சுருக்கமாக இருத்தல் வேண்டும். நீண்ட உரை முடியும்வரை அனுப்பும் இயந்திரம் காத்திராமல் விலகிவிடும்.

கிளையிலிருந்து ஓர் ஆணை

மாடியறைத் தொலைபேசியை எடுக்கிறோம், கீச்சொலி கேட்கிறது, தொலைநகலியோ கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஓடிச் சென்று பொத்தானை அழுத்துவதற்குள் மறுமுனை விலகிவிடலாம். இதற்கெனவே தொலைநகலிகளில் தொலையியக்கக் குறியீடு என்னும் ஏற்பாடு உள்ளது. விண்மீன் பொத்தானோடு தொடங்கும் சில எண்களைக் கிளைத் தொலைபேசியில் அழுத்தினால் தொலைநகலி அழைப்பை ஏற்கும். பின்னர் ரிசீவரை வைத்துவிடலாம். குறியீடு எது என்பது கருவிக்குக் கருவி மாறுபடும். கையேட்டைப் பார்த்து அறிந்து, ஒவ்வொரு தொலைபேசியின் அருகிலும் எழுதி ஒட்டிவைத்தல் நன்று.

இக்குறியீடு செயல்படும் விதம் எளியது. பொத்தானை அழுத்தும்போது தொலைபேசி இரு அதிர்வெண்களை ஒருங்கே எழுப்புகிறது. ஒன்று, பொத்தான் அமைந்த கிடைவரிசைக்குரியது, மற்றொன்று, நெடுவரிசைக்குரியது. விண்மீன் பொத்தானுக்கு 941, 1209 ஹெர்ட்ஸ். 5ஆம் எண்ணுக்கு 770, 1336 ஹெர்ட்ஸ். இவ்விணையொலிகளைத் தொலைநகலி கேட்டறிகிறது. சுழல்தகட்டுத் தொலைபேசியோ மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டித்தே எண்ணைத் தெரிவிக்கும்; இணையொலி எழுப்பாது. எனவே, அதிலிருந்து இவ்வாணையைப் பிறப்பிக்க இயலாது.

மணியின் சுமை

ஒரு தடத்தில் எத்தனை கருவிகளை இணைக்கலாம்? நிலையம் அனுப்பும் மணிமின்சாரத்துக்கு வரம்பு உண்டு. கருவி ஒவ்வொன்றும் அதில் எவ்வளவு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதனை மணிச்சுமை எண் குறிக்கிறது. வழக்கமான பழைய மணித் தொலைபேசியின் சுமை 1 எனக் கொள்ளப்படும். மின்னணு மணியுடைய கருவிகளுக்கு இது பெரும்பாலும் குறைவு. அமெரிக்கத் தடங்களில் பொதுவாக 5 வரையிலும், பிரிட்டனில் 4 வரையிலும் இக்கூட்டுத்தொகை ஏற்கப்படுகிறது. வரம்பு மீறினால் சில கருவிகள் மெல்ல ஒலிக்கும். சில ஒலிக்கவே மாட்டா. தொலைநகலியும் மணியை உணராமல் அழைப்பைத் தவறவிடலாம். ‘தொலைநகலி பழுது’ என எண்ணும் முன், கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

புதிய தடங்கள், புதிய கவனங்கள்

அதே செப்புக் கம்பியில் இணையமும் வரும்போது, பேச்சுக்கும் தொலைநகலுக்கும் உரிய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கு மிக மேலான அதிர்வெண்களில் அகலக்கற்றைத் தரவு செல்கிறது. இரண்டையும் பிரிக்கும் வடிப்பானைத் தொலைநகலிக்கும் கிளைத் தொலைபேசிகளுக்கும் முன் பொருத்த வேண்டும். ஒன்றுக்கு மட்டும் பொருத்தி மற்றொன்றை விட்டுவிட்டால், இணையமும் தடுமாறும், தொலைநகலும் சிதையும்.

பேச்சின் இடையே ‘இன்னொருவர் அழைக்கிறார்’ என உணர்த்தும் அழைப்புக் காத்திருப்பு வசதி, தொலைநகலுக்கு இடையூறு செய்யும் ஒலியேயாகும். தொலைநகல் வரும் தடத்தில் அவ்வசதியை நீக்கிவைத்தல் நன்று. அலுவலகங்களில் உள்ள தானியங்கி உள்இணைப்பகத்தோடு தொலைநகலியை இணைப்பதாயின், அதற்குரிய அனலாக் வாயிலேயே இணைக்க வேண்டும். எண்முறைத் தொலைபேசிக்கான வாய் வடிவில் ஒத்திருந்தாலும் பொருந்தாது. கருவிக்கு ஊறும் நேரலாம்.

ஒளியிழை வழியே இணைய நெறிமுறையில் பேச்சு செல்லும் இக்காலத்தில் வேறொரு சிக்கல் தோன்றியுள்ளது. மனிதக் குரலுக்கெனவே அமைந்த சுருக்கமுறைகள் தொலைநகலியின் ஒலியைச் சிதைத்துவிடுகின்றன. இதனைத் தவிர்க்க, தொலைநகலை இணையவழி கொண்டுசெல்வதற்கான ‘டி.38’ என்னும் தனி நெறிமுறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வகுத்தது.

சரிபார்க்கும் முறை

இணைப்பு வேலை முடிந்ததும் பின்வரும் வரிசையில் சோதித்தல் வேண்டும்.

1. ஒவ்வொரு தொலைபேசியிலும், தொலைநகலியிலும் தனித்தனியே முகப்பொலி தெளிவாகக் கேட்கிறதா எனப் பார்த்தல்.
2. வெளியிலிருந்து அழைக்கச் செய்து, எல்லாக் கருவிகளும் ஒலிக்கின்றனவா, எத்தனையாம் மணியில் தொலைநகலி ஏற்கிறது என எண்ணுதல்.
3. நெருக்கமான எழுத்துகள் கொண்ட ஒரு பக்கத்தை அனுப்பச் செய்து பெறுதல். வரி விடுபட்டுள்ளதா என மூலத்தோடு ஒப்பிடுதல்.
4. பக்கம் வரும்போது ‘எக்ஸ்ட்’ வாயிலுள்ள தொலைபேசியை எடுத்து, அது விலக்கப்பட்டுள்ளதை உறுதிசெய்தல்.
5. கிளைத் தொலைபேசியிலிருந்து தொலையியக்கக் குறியீட்டை அழுத்தித் தொலைநகலியை இயக்கிப் பார்த்தல்.

பகிர்வின் அறம்

தொலைநகல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பிரிட்டனின் தேசிய நலவாழ்வுச் சேவையில் புதிய தொலைநகலிகளை வாங்குதல் 2019 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது. இருப்பவற்றை 2020 மார்ச் 31க்குள் நீக்குமாறும் அறிவுறுத்தப்பட்டது. மருத்துவத்துறை அதுவரை அக்கருவியை எவ்வளவு சார்ந்திருந்தது என்பதை அவ்வறிவிப்பே காட்டுகிறது. ஜப்பானில் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் உள்ள மதிப்பால் அது மேலும் நீடித்தது.

கருவி மாறலாம், அது எழுப்பிய கேள்வி மாறவில்லை. ஒரு வீட்டின் இணைய இணைப்பை ஐவர் பகிரும்போதும், ஓர் ஊரின் நீர்க்குழாயை நூறு குடும்பங்கள் பகிரும்போதும் அதே கேள்வி எழுகிறது. பொதுத்தடத்தில் ஒருவர் அறியாது செய்யும் சிறு செயல், காணாத இடத்தில் மற்றொருவரின் செய்தியைக் குலைக்கிறது. அதனைத் தடுக்கத் தொழில்நுட்பம் ஒரு ரிலேயை வைத்தது; வீட்டார் ஓர் அறிவிப்புத் தாளை வைத்தனர். இரண்டும் தேவைப்பட்டன.

ரிலே காக்க முடியாத ஒன்றும் உண்டு. கிளைத் தொலைபேசியை ஓசைபடாமல் எடுத்துப் பிறர் பேச்சை ஒட்டுக்கேட்க முடியும். பொது அறையில் வந்துவிழும் தொலைநகல் தாளை, அதற்கு உரியவர் அல்லாத எவரும் படிக்க முடியும். ஒருவரது நோய்க்குறிப்பும் கடன்கணக்கும் அத்தாளில் இருக்கலாம். நமக்கு உரியதல்ல எனத் தெரிந்ததும் ரிசீவரை வைத்துவிடுதலும், தாளைப் படியாமல் மடித்து உரியவரிடம் சேர்த்தலும் கம்பியில் அமைக்க முடியாத காப்புகள். அவற்றை அமைத்துக்கொள்ள வேண்டிய இடம் மனம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி அலுவலகத்திலோ, அருகிலுள்ள அலுவலகத்திலோ ஒரே இணைப்பைப் பகிரும் கருவிகளைக் கண்டு, அவை இணைந்துள்ள முறையை வரைபடமாக வரைக.
2. ‘தொலைநகல்–தொலைபேசி’ ஏற்புமுறையில் கிளைத் தொலைபேசிகள் ஒலிப்பது நின்றுவிடுவது ஏன்? விளக்குக.
3. ஒரு மில்லிமீட்டருக்கு 7.7 கோடுகள் வீதம் படிக்கும் நுண்ணிய முறையில் ஏ4 தாளில் எத்தனை கோடுகள் அமையும்? கணக்கிடுக.
4. ‘பொதுத்தடத்தில் தனிமனித மறைகாப்பு’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

கலைச்சொல் அறிவோம்

தொலைநகலி – ஃபேக்ஸ் மெஷின்
கிளைத் தொலைபேசி – எக்ஸ்டென்ஷன் போன்
பக்க இணைப்பு – பேரலல் கனெக்‌ஷன்
பதில்பதிவுக் கருவி – ஆன்சரிங் மெஷின்
முகப்பொலி – டயல் டோன்
வடிப்பான் – ஃபில்டர்
தொலையியக்கக் குறியீடு – ரிமோட் கோட்